வன்முறைக்கு ஆளானவர் சிகிச்சைக்கு வரும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்த செவிலியர். இப்போது மற்ற மருத்துவப் பணியாளர்களுக்கு இதைப் பற்றி வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகு இரண்டு மூன்று பேர் மட்டும் தயங்கித் தயங்கி மேசைப் பக்கம் வருவார்கள், பெரும்பாலும் அதே சந்தேகங்களோடு. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன். சில கேள்விகள் அடி வாங்கியவர்களே கேட்டவை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அந்த விஷயத்தில் உங்கள் இடத்து விதியை விசாரித்துக்கொள்ளுங்கள். இப்போதே உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் இருந்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவசர உதவி எண்ணை அழையுங்கள்.

1. காயத்துக்கு மருந்து போடுவதுதானே எங்கள் வேலை? வீட்டுச் சண்டைக்குள் ஆஸ்பத்திரி எதற்குத் தலையிட வேண்டும்?

தலையிடச் சொல்லவில்லை, சிகிச்சையை முழுதாகச் செய்யச் சொல்கிறேன். தலைவலி, தூக்கமின்மை, தீராத வயிற்று வலி என்று ஒருவர் மாதாமாதம் வந்து மாத்திரை வாங்கிப் போகிறார், எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது, காரணம் வீட்டில் இருக்கிறது என்றால் அந்த மாத்திரை என்ன செய்யும்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண், துணைவரின் அடி உதைக்கோ பாலியல் வன்முறைக்கோ, அல்லது வேறொருவரின் பாலியல் வன்முறைக்கோ வாழ்நாளில் ஒருமுறையாவது ஆளாகிறார். துணைவரால் துன்புற்ற பெண்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு, எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 16 சதவீதம் அதிகம். இதெல்லாம் நம் வார்டுக்கு வரும் நோய்கள்தானே. 1996-லேயே உலக சுகாதாரப் பேரவை வன்முறையை உலகளாவிய பெரிய பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று அறிவித்துவிட்டது.

அப்புறம் இன்னொன்று. போலீஸ் நிலையத்துக்கோ வக்கீலிடமோ வாழ்நாளில் போகாதவர்கூட காய்ச்சல், கர்ப்பம், குழந்தைக்குத் தடுப்பூசி என்று நம்மிடம் வந்தே தீருவார். வீட்டைவிட்டு வெளியே விடாமல் அடைத்து வைத்திருப்பவரும் இதற்கு மட்டும் அனுப்புவார். அந்தப் பத்து நிமிடம் நம் கையில் இருக்கிறது.

2. கண்ணுக்குத் தெரிகிற காயம் இருந்தால் சரி. காயமே இல்லாதவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை, சந்தேகம் வருகிற அளவுக்குக் கவனிப்பதுதான் வேலை. சொன்ன காரணமும் காயமும் ஒட்டாமல் இருப்பது, காயம் பட்டு நாலு நாள் கழித்து வருவது, ஆடை மறைக்கிற இடத்தில் மட்டும் கன்றிப்போயிருப்பது, வெவ்வேறு நாளில் பட்ட மாதிரி காயங்கள், காரணம் பிடிபடாத நாள்பட்ட வலி, திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றோ பால்வினை நோயோ, அடுத்தடுத்து வேண்டாத கர்ப்பம், தற்கொலை முயற்சி, மருத்துவர் சொன்ன நாளில் வராமல் போவது. இதில் ஒன்று இருந்தால் வன்முறை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கேட்பதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கை கால் படாமலும் கொடுமை நடக்கும். பணத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்வது, போனை நோண்டுவது, சொந்தக்காரர்களிடம் பேசவிடாமல் செய்வது, மருந்தை ஒளித்து வைப்பது, கருத்தடை மாத்திரையைத் தூக்கி எறிவது. சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் வரவே இல்லை என்று திட்டுகிறோமே, இன்சுலின் யார் கையில் இருக்கிறது என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

3. அப்படியானால் வருகிற எல்லோரிடமும் கேட்டுவிடலாமா?

இதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதல் வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்கச் சொல்லவில்லை. அறிகுறி இருக்கும்போது கேளுங்கள் என்கிறது. கர்ப்பகாலப் பரிசோதனையில் பொதுவாகக் கேட்பதைப் பற்றி யோசிக்கலாம் என்கிறது, அதுவும் பயிற்சியும் தனியிடமும் அடுத்து அனுப்ப ஓர் இடமும் இருந்தால். அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழுவோ கருவுறும் வயதில் உள்ள பெண்கள் எல்லோரிடமும் கேட்கச் சொல்கிறது.

என் அனுபவத்தில் படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்புவதற்காகத் தலைகுனிந்தபடி கேட்கப்படும் கேள்விக்கு 'இல்லை' என்ற பதில்தான் வரும். மனம் வைத்துக் கேட்க முடியாத இடத்தில் கேட்காமலே இருப்பது நல்லது.

4. சரி, கேட்கிறேன். ஆனால் வாய் வரமாட்டேன் என்கிறது. எப்படி ஆரம்பிப்பது?

இதுதான் எல்லோருக்கும் வரும் தடை. 'உங்களைக் கொடுமைப்படுத்துகிறார்களா?' என்று எடுத்தவுடன் கேட்டால் பலர் இல்லை என்பார்கள், ஏனென்றால் தங்களுக்கு நடப்பதைக் கொடுமை என்ற பெயரில் அவர்கள் நினைத்ததே இல்லை. முன்னுரையாக ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: 'இந்த மாதிரி வலியோடு வருகிறவர்களில் சிலருக்கு வீட்டில் பிரச்சினை இருப்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால் எல்லோரிடமும் கேட்பேன்.' பிறகு நடப்பை நேராகக் கேளுங்கள். 'வீட்டில் யாராவது உங்களை அடித்தது, தள்ளியது உண்டா?' 'யாரையாவது பார்த்தால் பயமாக இருக்கிறதா?' 'உங்களுக்கு விருப்பமில்லாதபோது கட்டாயப்படுத்துகிறார்களா?'

கேட்கும்போது உட்காருங்கள். நின்றுகொண்டு, கையில் அடுத்த நோயாளியின் சீட்டை வைத்துக்கொண்டு கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்டபின் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள், பத்து விநாடி மௌனம் நமக்குத்தான் நீளம்.

5. கூட வந்தவர் நகரவே மாட்டேன் என்கிறார். அவர் முன்னாலேயே கேட்டால் என்ன?

கேட்கவே கூடாது. இதை நான் தெரிந்துகொண்ட விதம் இது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் புருவம் கிழிந்து ஒரு பெண் வந்தார், கணவர் கட்டில் பக்கத்திலேயே நின்றார். நான் தையலுக்குத் தயார் செய்துகொண்டே 'எப்படிம்மா அடிபட்டது?' என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தார். கையிலிருந்த ஓபி சீட்டின் மூலையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார், அது நைந்து பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. 'கதவில் இடிச்சுக்கிட்டேன் சிஸ்டர்' என்றார். நானும் கேஸ் ஷீட்டில் கதவு என்றே எழுதினேன். என் கேள்விக்கு அவர் வீட்டுக்குப் போய் என்ன பதில் சொல்ல வேண்டியிருந்ததோ என்ற நினைப்பு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

தனியாக்க வழி இருக்கிறது. சிறுநீர் மாதிரி எடுக்க, எக்ஸ்ரேவுக்கு, எடை பார்க்க என்று கூட்டிப் போங்கள். 'பரிசோதனையின்போது நோயாளி மட்டும்தான்' என்று எல்லோருக்கும் பொதுவான விதியாகப் பலகை எழுதி மாட்டிவிட்டால் இன்னும் நல்லது, அப்போது ஒருவரை மட்டும் வெளியே அனுப்புகிற மாதிரி தெரியாது. ஒருவேளை அன்றைக்குத் தனியாக்கவே முடியவில்லை என்றால் கேட்க வேண்டாம், காயத்தைக் காரணம் காட்டி இரண்டு நாளில் மறுபடி வரச் சொல்லுங்கள். மொழி தெரியாதவர் என்றால் கூட வந்த உறவினரையோ பிள்ளையையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பேசத் தெரிந்த குழந்தை அறையில் இருந்தாலும் கேட்காதீர்கள், அது வீட்டுக்குப் போய் ஒன்றும் அறியாமல் சொல்லிவிடும்.

6. கேட்டேன், 'ஆமாம்' என்று அழ ஆரம்பித்துவிட்டார். இப்போது நான் என்ன செய்வது?

பதறாதீர்கள், பாதி வேலை முடிந்துவிட்டது. குறுக்கிடாமல் கேளுங்கள். 'இது உங்கள் தப்பு இல்லை', 'நீங்கள் சொல்வதை நம்புகிறேன்', 'சொன்னது நல்லது' என்ற மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், மனதுக்குள் நினைத்தால் அவருக்குக் கேட்காது. இப்போது அவருக்கு என்ன தேவை என்று கேளுங்கள். நாம் நினைப்பது ஒன்றாகவும் அவருக்கு வேண்டியது வேறாகவும் இருக்கும். ஒருமுறை ஒருவர் என்னிடம் கேட்டது தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ள முடியுமா என்பதுதான். இன்று வீட்டுக்குப் போவது பத்திரமா என்று பாருங்கள் (கேள்வி 10). கடைசியாக, அடுத்து யாரிடம் போகலாம் என்று வழி காட்டுங்கள்.

சொல்லக் கூடாதவையும் உண்டு. 'ஏன் இத்தனை நாள் பொறுத்தீர்கள்?' வேண்டாம். 'நீங்கள் என்ன செய்தீர்கள், அவர் ஏன் கோபப்பட்டார்?' வேண்டவே வேண்டாம். நடந்ததை ஒன்று விடாமல் சொல்லச் சொல்லித் துருவுவதும் வேண்டாம். சம்பவம் நடந்தவுடன் எல்லாவற்றையும் கொட்ட வைத்தால் மனம் லேசாகும் என்பது பழைய நம்பிக்கை, உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை.

7. இல்லவே இல்லை என்கிறார், ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. விடாமல் கேட்கலாமா?

வேண்டாம். 'சரி. எப்போதாவது இப்படி ஏதாவது இருந்தால் இங்கே வந்து பேசலாம், நான் மட்டும்தான் கேட்பேன்' என்று சொல்லி விட்டுவிடுங்கள். நீங்கள் பார்த்ததை எழுதி வையுங்கள் (கேள்வி 14). மூன்றாவது தடவை வந்தபோது சொன்னவர்கள் உண்டு, முதல் தடவை அழுத்திக் கேட்டிருந்தால் இரண்டாவது தடவையே வந்திருக்க மாட்டார்கள்.

8. இத்தனை அடி வாங்கியும் ஏன் அங்கேயே இருக்கிறார்கள்? வெளியே வந்துவிடு என்று சொல்லித் தொலைக்கலாம் போலிருக்கிறது.

அந்தக் கோபம் எனக்கும் வந்திருக்கிறது, பாசத்தில் வருகிற கோபம்தான். ஆனால் யோசியுங்கள். பணம் அவர் கையில் இல்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள், போக இடமில்லை, அடித்தவர் அடுத்த நாள் காலில் விழுகிறார், இன்னும் அன்பும் மிச்சமிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிரிந்து போகிற நேரமும் போன உடனே வருகிற நாட்களும்தான் மிக ஆபத்தானவை. கொலைகள் பல அப்போதுதான் நடக்கின்றன. பக்கத்தில் இருந்து பார்க்காத நாம் 'இன்றைக்கே கிளம்பு' என்று சொல்லிவிட்டால் அந்த ஆபத்து நம் தலையில் விழாது.

அவர் முடிவெடுக்கட்டும், நாம் தயார்ப்படுத்துவோம். அடையாளச் சான்றுகளின் நகல், கொஞ்சம் பணம், மருந்து, மாற்றுச் சாவி இவற்றை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வைக்க முடியுமா, சத்தம் கேட்டால் அழைக்கப் பக்கத்தில் யாராவது உண்டா, சண்டை முற்றும்போது சமையலறை மாதிரி ஆயுதமாகும் பொருள் கிடக்கிற இடத்தைத் தவிர்க்க முடியுமா என்று சேர்ந்து பேசலாம். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

9. இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசிச் சமாதானம் செய்து அனுப்பினால் என்ன தப்பு?

நல்ல மனதோடு செய்யப்படும் பெரிய தப்பு இது. சமமான இருவருக்குள் சண்டை என்றால் நடுவில் உட்காரலாம். ஒருவர் மற்றவருக்குப் பயந்து வாழும் இடத்தில், அவர் முன்னால் இவர் உண்மையைச் சொன்னால் வீட்டில் அடி, சொல்லாவிட்டால் நாமே கொடுமைக்காரர் பக்கம் சாய்ந்த மாதிரி. நீங்கள் அடிப்பவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டிப்பதும் இதே கதைதான், ஆஸ்பத்திரியில் போட்டுக் கொடுத்துவிட்டாயா என்று அன்று இரவே திரும்பும்.

10. உயிருக்கே ஆபத்து என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேட்டுத்தான். கடந்த 6 மாதத்தில் அடி அதிகமாகியிருக்கிறதா, ஆயுதம் எடுத்ததோ மிரட்டியதோ உண்டா, கழுத்தை நெரித்ததுண்டா, கர்ப்பமாக இருந்தபோது அடித்ததுண்டா, எப்போதும் வெறித்தனமாகச் சந்தேகப்படுகிறாரா, உங்களைக் கொன்றுவிடுவார் என்று நீங்களே நினைக்கிறீர்களா. உலக சுகாதார நிறுவனத்தின் கையேட்டில் உள்ள கேள்விகள் இவை, மூன்றுக்காவது ஆமாம் என்று பதில் வந்தால் அன்று வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றி மிகவும் யோசிக்க வேண்டும். வார்டில் ஒரு படுக்கை, காப்பகம், உறவினர் வீடு, எது முடியுமோ அது.

கடைசிக் கேள்வியை யாரும் விட்டுவிடாதீர்கள். கூடவே வாழ்பவருக்கு அந்த ஆளைத் தெரியும். ஆனால் 'இல்லை, அப்படியெல்லாம் செய்யமாட்டார்' என்று சொன்னார் என்பதற்காக மற்றப் பதில்களைத் தள்ளிவிடாதீர்கள்.

11. கழுத்தை நெரித்தாராம், ஆனால் ஒரு தடம்கூட இல்லை. சும்மா சொல்கிறாரா?

அமெரிக்காவில் சான் டியேகோவில் போலீசுக்கு வந்த 300 கழுத்து நெரிப்புச் சம்பவங்களை ஆராய்ந்து 2001-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு வெளியே தெரிகிற காயமே இல்லை, இன்னும் 35 சதவீதம் பேருக்குப் படம் எடுக்க முடியாத அளவு சின்னத் தடம்தான். ஆகவே தடம் இல்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

குரல் கரகரப்பாகிவிட்டதா, விழுங்க வலிக்கிறதா, மூச்சு விடச் சிரமமா, கண் வெள்ளையிலோ இமையிலோ காதின் பின்னாலோ பொட்டுப் பொட்டாக ரத்தக் கசிவு இருக்கிறதா, நினைவு தப்பியதா, தன்னை அறியாமல் சிறுநீர் போனதா என்று பாருங்கள், கேளுங்கள். கழுத்து ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து சில நாள் கழித்துப் பக்கவாதம் வந்தவர்கள் உண்டு, அதனால் இந்த அறிகுறிகள் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி ரத்தக்குழாய் ஸ்கேன் தேவையா என்று முடிவெடுங்கள். முன்பு ஒருமுறை துணைவரால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னாளில் அவராலேயே கொல்லப்படும் வாய்ப்பு 7 மடங்குக்கும் மேல் என்று 2008-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. 'கழுத்தைப் பிடித்தான்' என்று போகிற போக்கில் சொல்வார்கள். அந்த வார்த்தையில் நின்றுவிடுங்கள்.

12. எனக்குப் பாலியல் வன்முறை நடந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. குளித்தும்விட்டேன். இனி ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன பிரயோஜனம்? போலீசுக்கெல்லாம் போக விருப்பமில்லை.

பிரயோஜனம் இருக்கிறது, தயவுசெய்து இன்றே போங்கள். எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை 5 நாள் வரை உண்டு, அதுவும் சீக்கிரம் எடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். பால்வினை நோய்களுக்கான மருந்து, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, காயம் இருந்தால் டெட்டனஸ் ஊசி எல்லாம் உண்டு. 5 நாள் தாண்டிவிட்டாலும் பரிசோதனையும் மனநலச் சிகிச்சையும் இருக்கின்றன. வருடக்கணக்கு ஆனாலும் போகலாம்.

குளித்ததற்காக உங்களையே நொந்துகொள்ளாதீர்கள், எல்லோரும் முதலில் செய்ய நினைப்பது அதைத்தான். அன்று உடுத்திய துணி துவைக்காமல் இருந்தால் காகிதப் பையில் போட்டுக் கொண்டு போங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது வேறு முடிவு. புகார் கொடுத்தால்தான் மருந்து என்று எந்த மருத்துவப் பணியாளரும் சொல்லக் கூடாது. பரிசோதனையில் ஒவ்வொரு படியிலும் உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும், ஒன்றுக்குச் சம்மதித்துவிட்டு அடுத்ததற்கு மறுக்கலாம், நடுவில் நிறுத்தச் சொல்லலாம்.

13. பரிசோதித்தேன், உள்ளே வெளியே எங்கும் காயமில்லை. அப்படியானால் நடக்கவில்லை என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. பாலியல் வன்முறைக்கு ஆளான பலருக்குப் பிறப்புறுப்பில் காயம் இருக்காது. பயத்தில் உடல் கல்லாக உறைந்து எதிர்க்கவே முடியாமல் போவது மனித உடலின் இயல்பு, அதனால் கை காலிலும் போராடிய அடையாளம் இருக்காது. 'காயம் காணப்படவில்லை, இதனால் வன்முறை நடக்கவில்லை என்று கூற இயலாது' என்று எழுதுங்கள்.

இரண்டு விரல் சோதனை (பிறப்புறுப்புக்குள் விரல் விட்டுப் பார்ப்பது), கன்னித்திரை கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது, இதெல்லாம் அறிவியல் அல்ல. கன்னித்திரையைப் பார்த்து ஒரு பெண் உடலுறவு கொண்டாரா என்று யாராலும் சொல்ல முடியாது. 2018-ல் ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து இந்தச் சோதனையை ஒழிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டன. அது வலி, அவமானம். இன்னொருமுறை நடக்கும் வன்முறை என்றே நான் சொல்வேன்.

14. கேஸ் ஷீட்டில் எதை எழுதுவது, எதை விடுவது? நாளைக்கு கோர்ட்டில் இழுப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

ஒழுங்காக எழுதினால் பயமில்லை, அரைகுறையாக எழுதினால்தான் பயப்பட வேண்டும். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே மேற்கோளுக்குள் போடுங்கள்: 'கணவர் பெல்ட்டால் முதுகில் மூன்று முறை அடித்தார் என்கிறார்.' 'குடும்பத் தகராறு' என்ற இரண்டு வார்த்தையில் அடித்தவரும் அடி வாங்கியவரும் காணாமல் போய்விடுகிறார்கள். 'குற்றம் சாட்டுகிறார்', 'அடித்ததாகக் கூறப்படுகிறது' என்பதெல்லாம் நாம் நம்பவில்லை என்று படிப்பவருக்குத் தோன்ற வைக்கும். காயத்தின் இடம், நீள அகலம் சென்டிமீட்டரில், நிறம், வடிவம், எல்லாம் எழுதி உடல் படத்தில் குறியுங்கள். அவர் சம்மதித்தால் அளவுகோல் வைத்துப் புகைப்படம் எடுங்கள், உங்கள் சொந்தப் போனில் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: ரத்தக்கட்டின் நிறத்தைப் பார்த்து 'மூன்று நாள் பழையது' என்று எழுதாதீர்கள். மஞ்சள், பச்சை, ஊதா என்று நாள் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், அது நம்பத்தக்கது அல்ல என்று பின்னால் தெரிந்துவிட்டது. நிறத்தை மட்டும் எழுதுங்கள்.

டிஸ்சார்ஜ் தாளும் பில்லும் யார் கையில் போகும், குறுஞ்செய்தி யார் போனுக்கு வரும் என்றும் யோசியுங்கள். ஆன்லைனில் பதிவுகளைப் பார்க்கும் வசதி இருந்தால் கடவுச்சொல் வீட்டில் யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

15. குழந்தை கட்டிலிலிருந்து விழுந்துவிட்டது என்கிறார்கள். நம்புவதா?

விழும் குழந்தைகள் விழத்தான் செய்வார்கள், முழங்காலிலும் நெற்றியிலும் அடிபடும். பார்க்க வேண்டியது வயதும் இடமும். 4 மாதம்கூட ஆகாத குழந்தைக்கு உடலில் எங்கே கன்றியிருந்தாலும், 4 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நெஞ்சு, வயிறு, முதுகு, காது, கழுத்து இங்கெல்லாம் கன்றியிருந்தாலும் நிறுத்தி யோசிக்க வேண்டும். இன்னும் புரளத் தெரியாத குழந்தை தானாக உருண்டு விழுந்தது என்றால், சொல்பவர் மாறும்போதெல்லாம் கதையும் மாறுகிறது என்றால், மேலுதட்டுக்குள்ளே இருக்கும் சவ்வு கிழிந்திருந்தால், அப்போதும். 1962-ல் ஹென்றி கெம்ப் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவும் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் பெற்றோரே குழந்தையின் எலும்பை உடைக்க முடியும் என்பதை மருத்துவ உலகம் பரவலாக ஒப்புக்கொண்டது. எக்ஸ்ரே அதற்கு முன்பும் அதையே காட்டிக்கொண்டிருந்தது, பார்க்க மனம் வரவில்லை.

ரத்தம் உறையாத நோய், எலும்பு எளிதில் உடையும் நோய் இவையும் உண்டு, அதைப் பரிசோதிக்காமல் பெற்றோரைக் குற்றவாளியாக்காதீர்கள். ஆனால் சந்தேகம் இருக்கும்போது தனியாக முடிவெடுக்காமல் குழந்தை மருத்துவரைக் கூப்பிடுங்கள், தேவைப்பட்டால் காரணம் தெளியும்வரை வார்டில் சேர்த்து வையுங்கள்.

16. வயதானவர்களுக்கு? மறதி நோய் இருப்பவர் சொல்வதை எப்படி நம்புவது?

60 வயதைக் கடந்தவர்களில் ஆண்டுக்கு 6 பேரில் ஒருவர் ஏதோ ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். படுக்கைப் புண், நீர்வற்றிய நாக்கு, ஒரே உடையில் பல நாள், தூக்க மாத்திரை அளவுக்கு மீறி, இல்லையென்றால் வேண்டிய மாத்திரையே கொடுக்காமல். மறதி இருந்தாலும் பயம் நிஜமாக இருக்கும். ஒருவர் அறைக்குள் வந்தால் மட்டும் சுருண்டுகொள்கிறாரா என்று கவனியுங்கள்.

பார்த்துக்கொள்கிறவரிடமும் பேசுங்கள். இரவு பகலாகத் தனியாளாய்ப் பார்த்துச் சலித்துப்போனவருக்கு ஓய்வு ஏற்பாடு செய்தாலே சில வீடுகளில் நிலைமை மாறும். எல்லா வீடுகளிலும் இல்லை.

17. ஆண்கள் இப்படி வந்தால்?

அதே தனியறை, அதே கேள்விகள், அதே நம்பிக்கை. 'நீங்கள் திருப்பி அடிக்கவில்லையா?' என்று சிரிக்காதீர்கள். சிறுவர்களுக்கும் ஆண்களுக்கும் பாலியல் வன்முறை நடக்கிறது, கேள்வி 12-ல் சொன்ன மருந்துகளில் கருத்தடை தவிர எல்லாம் அவர்களுக்கும் உண்டு.

18. ரகசியம் காப்பேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு அதிகாரிகளிடம் சொல்ல வேண்டி வந்தால் துரோகம் ஆகாதா?

ஆகும். அதனால்தான் முதலிலேயே எல்லையைச் சொல்லிவிட வேண்டும்: 'நீங்கள் சொல்வது நம் இரண்டு பேருக்குள் இருக்கும், குழந்தைக்கு ஆபத்து, உயிருக்கு ஆபத்து மாதிரி சில விஷயங்களை மட்டும் நான் தெரிவித்தே ஆக வேண்டும்.' கேட்டுவிட்டு எவ்வளவு சொல்வது என்று அவர் முடிவெடுப்பார். குழந்தைகள் விஷயத்தில் பல நாடுகளில் தெரிவிப்பது கட்டாயம். வயது வந்த பெண் துணைவரிடம் அடி வாங்கினால் அவர் விருப்பத்தைக் கேட்காமல் போலீசுக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை, ஆனாலும் உங்கள் சட்டம் அப்படி இருந்தால் அதன்படிதான் நடக்க வேண்டும். தெரிவிக்க நேர்ந்தால் அவரிடம் சொல்லிவிட்டு, எப்போது போன் போகும், அதற்குள் அவர் எங்கே இருப்பார் என்று பேசிவிட்டுச் செய்யுங்கள்.

19. அடிப்பவரும் எங்கள் நோயாளிதான். இரண்டு பேரையும் நானே பார்க்கிறேன். என்ன செய்ய?

முடிந்தால் ஒருவரை இன்னொரு மருத்துவரிடம் மாற்றுங்கள். முடியாவிட்டால் இவரிடம் கேட்டது அவர் அறையில் எக்காரணம் கொண்டும் வாயில் வரக் கூடாது. அவராகவே 'கோபத்தில் கை நீட்டிவிடுகிறேன்' என்று சொன்னால் அதைக் கேளுங்கள், குடியோ மனநோயோ இருந்தால் சிகிச்சைக்கு அனுப்புங்கள், ஆனால் குடிதான் காரணம் என்று அவருக்குச் சாக்கு எடுத்துக் கொடுக்காதீர்கள். குடித்துவிட்டு மேலதிகாரியை அடிக்காதவர் வீட்டில் மட்டும் அடிக்கிறார்.

20. பிரசவ அறையில் எங்கள் ஆட்களே திட்டுகிறார்கள், தொடையில் அடிக்கிறார்கள். இதையும் வன்முறை என்று சொல்வீர்களா?

சொல்வேன். 2014-ல் உலக சுகாதார நிறுவனம் பிரசவத்தின்போது நடக்கும் அவமதிப்பும் கொடுமையும் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. சம்மதம் கேட்காமல் செய்யும் பரிசோதனை, வலியில் கத்தியவரைக் கேவலமாகப் பேசுவது, அடிப்பது எல்லாம் அதில் அடக்கம். வலியில் இருக்கும்போது நம்மிடம் அடி வாங்கியவர், வீட்டில் அடி வாங்குவதை நம்மிடம் எப்படிச் சொல்வார்? வேலைப்பளு, ஆள் பற்றாக்குறை எல்லாம் எனக்கும் தெரியும், நானும் குரலை உயர்த்தியிருக்கிறேன், பின்னால் போய் அந்த அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டிருக்கிறேன்.

21. நானே நர்ஸ். எனக்கே வீட்டில் இது நடக்கிறது. மற்றவர்களுக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி?

வகுப்பு முடிந்து வருகிறவர்களில் அதிகம் பேர் கடைசியில் சொல்வது இதுதான். தகுதி பற்றி யோசிக்காதீர்கள் அக்கா. படிப்பும் சம்பளமும் இருந்தால் இது நடக்காது என்று யார் சொன்னது? 6-ல் சொன்ன மூன்று வாக்கியமும் உங்களுக்கும்தான். உங்கள் ஆஸ்பத்திரியில் சொல்லக் கூச்சமாக இருந்தால் வேறு இடத்தில் காட்டுங்கள், வேலை நேரத்தை மாற்றித் தரச் சொல்ல ஒரே ஒரு மேலாளரிடம் மட்டும் சொன்னால்கூடப் போதும். இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்க்கும்போது உங்களுக்கே நடுங்கினால் அன்றைக்கு இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

22. எங்கள் பக்கம் காப்பகமும் இல்லை, ஆலோசகரும் இல்லை. கேட்டுவிட்டு அனுப்ப இடமில்லாமல் நிற்பதைவிடக் கேட்காமல் இருக்கலாமே?

3-ல் நானே அப்படிச் சொன்ன மாதிரி இருக்கும், கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது. எல்லோரிடமும் கேட்கும் திட்டம் ஆரம்பிக்க அனுப்ப ஓர் இடம் வேண்டும். கண் முன்னால் கன்றிய கையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால் எதுவும் இல்லாத இடத்திலும் கேட்கத்தான் வேண்டும். கேட்பது, நம்புவது, காயத்தை எழுதி வைப்பது, பாதுகாப்பைப் பேசுவது, மறுபடி வரச் சொல்வது இவற்றுக்குக் காப்பகம் தேவையில்லை.

அதோடு ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள். தொலைபேசி உதவி எண்கள், இலவச சட்ட உதவி, பெண்கள் அமைப்பு, மனநல மருத்துவர், பக்கத்து ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. எண்ணை எழுதிக் கொடுக்கும்போது அதை வீட்டுக்குக் கொண்டு போவது பத்திரமா என்று கேளுங்கள், இல்லையென்றால் மனப்பாடம் செய்ய வையுங்கள், அல்லது போனில் வேறு பெயரில் பதியச் சொல்லுங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் சில மாதங்களுக்கு ஒருமுறை நீங்களே அழைத்துப் பாருங்கள். நாங்கள் ஒருமுறை அப்படி அழைத்தபோது ஓர் எண்ணை யாரோ ஒரு பெரியவர் எடுத்தார், அது தன் வீட்டு எண் ஆகி ஒரு வருடத்துக்கும் மேல் ஆகிறது என்றார். அடிக்கடி பெண்கள் அழைத்து ஒன்றும் பேசாமல் வைத்துவிடுகிறார்கள் என்றும் சொன்னார்.